நோயாளிக்கு எது எட்டுகிறது?

(திருவனந்தபுரம் கரமனையில் மூத்தோரும் அவர்களைப் பேணுவோரும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலிய ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கரமனை அக்கிரகாரத் தெருக்களிலும் நீறமண்கரைப் பக்கத்து அடுக்குமாடிகளிலும் முதியவர்களைப் பார்க்கப் போகும்போது என் காதில் அடிக்கடி விழும் புகார்கள் மூன்று. “சொன்னா கேக்கவே மாட்டேங்கறார்.” “வேணும்னே பண்றா.” “புத்தி பேதலிச்சுப் போச்சு.” சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். இரவெல்லாம் கண்விழித்து, மலம் அள்ளி, மருந்து கொடுத்து, களைத்துப் போனவர்கள். ஆனால் அந்தப் புகாரை நம்பி நோயாளியை நடத்தத் தொடங்கினால் பராமரிப்பு அங்கேயே தடம் மாறிவிடுகிறது. கேட்காதவர், பார்க்காதவர், தொட்டால் உணராதவர், இல்லாததைக் காண்பவர், இவர்கள் எல்லோரிடமும் போய் நிற்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த உலகத்தில் எது இவருக்கு எட்டுகிறது, எது எட்டவில்லை? இன்று நான் சொல்ல வந்தது முழுவதும் இந்தக் கேள்விதான்.

இது நம் ஊருக்கு மிக நெருக்கமான விஷயம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். எந்த மாநிலத்திலும் இதைவிட அதிகம் இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்க, இங்கே அப்பாவும் அம்மாவும் ஒரு ஹோம் நர்ஸுமாக வாழும் வீடுகள் எத்தனையோ. 2008இல் கேரள அரசு வலிதணிப்புப் பராமரிப்புக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. அதன் வழியாக உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடி வீட்டுக்கே வருகிறார்கள். அது பெரிய பேறு. ஆனால் வருபவர் வந்து போன பிறகு மிச்சமுள்ள அத்தனை மணி நேரமும் பேணுபவர் நீங்கள்தான்.

காதிலிருந்து தொடங்குகிறேன்.

வயதாகும்போது காதில் முதலில் மங்குவது உச்ச சுருதி ஒலிகள். பேச்சில் உயிர் ஒலிகள் பெரும்பாலும் கேட்கும். மெய்யொலிகள் பல நழுவிப் போகும். பல்லு, கல்லு இரண்டும் ஒன்றுபோல் விழும். அதனால் “நீங்க பேசறது கேக்கறது, என்ன பேசறேள்னுதான் தெரியல” என்பார் தாத்தா. நாம் உடனே கத்துகிறோம். கத்தும்போது ஏற்கெனவே கேட்கிற ஒலிகள்தான் இன்னும் பெரிதாகின்றன. கேட்காத மெய்யொலி தெளிவதில்லை. நம் முகமோ கோபமாகத் தெரிகிறது. நல்ல சொல்லைக்கூட அவர் வசவு என்று எடுத்துக்கொள்கிறார்.

செய்ய வேண்டியது இது. டிவியை நிறுத்துங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உதடு தெரியாது. குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிதானமாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டுவார்கள். “ராத்திரி எத்தனை மாத்திரை போட்டுக்கணும், சொல்லுங்கோ” என்று கேளுங்கள். அரை மாத்திரை ஒன்றாகவும், ஒன்று அரையாகவும் மாறிப்போவது அப்போதுதான் தெரியவரும்.

எழுதிக் காட்டுவதாக இருந்தால் எந்த எழுத்தில் என்று முதலில் கேளுங்கள். கரமனையில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறையப் பேர். தமிழ்ச் சீட்டு அவர்களுக்கு உதவாது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பாட்டிக்கு மலையாளச் சீட்டு உதவாது.

காது மெஷின் வைத்திருப்பவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது அதையும் கழற்றிப் பையில் போட்டு அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். அதை நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டப்பாவில் வையுங்கள், டப்பாவின் மேல் பெயர் எழுதுங்கள். மெஷினை ஓடவிட்டு உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்கள் கீச்சென்று ஊளையிடும். சத்தமே வரவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். புதிதாகக் கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால் குறும்பி அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். குச்சி விட்டுக் குடையாதீர்கள். பின்வரிசையில் இருக்கும் நர்சிங் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை: ஜென்டாமைசின், அமிக்கசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகள் உள்காதைத் தாக்கக்கூடியவை. அந்த ஊசி ஏறும் நாள்களில் காதில் இரைச்சல் உண்டா, தலை சுற்றுகிறதா என்று தினமும் கேட்பது உங்கள் வேலை. நம் ஊரிலேயே ஆக்குளத்தில் பேச்சுக்கும் செவித்திறனுக்குமான தேசிய நிறுவனம், நாம் நிஷ் என்று சொல்வது, 1997 முதல் இருக்கிறது. செவித்திறன் பரிசோதனைக்கு இந்த ஊர்க்காரர்கள் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை.

அடுத்தது கண்.

பார்வை இல்லாதவர் இருக்கும் அறைக்குள் சத்தமில்லாமல் நுழைவது மரியாதை என்று நினைக்கிறோம். அது அவரைத் திடுக்கிட வைக்கிறது. வாசலிலேயே பெயரைச் சொல்லுங்கள், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள், கிளம்பும்போதும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இல்லையேல் நீங்கள் போன பின்னும் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். நடத்திக் கூட்டிப் போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, அரை அடி முன்னால் நடங்கள். தட்டில் எது எங்கே என்று கடிகார முள்ளை வைத்துச் சொல்லுங்கள்: 12 மணியில் சாதம், 3 மணியில் தோரன், 9 மணியில் கூட்டு. மேஜை, நாற்காலி, தண்ணீர்ச் செம்பு, ஊன்றுகோல் எதையும் அவருக்குத் தெரியாமல் இடம் மாற்றாதீர்கள்.

பக்கவாதம் வந்த சிலருக்கு இன்னொரு விதமான இழப்பு உண்டு. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால், கண் நன்றாக இருந்தும் இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து போய்விடும். வாழையிலை போட்டுப் பரிமாறினால் அவர் வலப்பாதியில் இருப்பதை மட்டும் வழித்துச் சாப்பிடுவார். இலையின் இடப்பாதியில் உப்பும் ஊறுகாயும் பச்சடியும் அப்படியே இருக்கும். “எனக்கு மட்டும் பச்சடி போடலை” என்று மருமகள் மேல் வருத்தப்படுவார். மருமகளும் “கண்ணெதிரே வச்சுண்டே குறை சொல்றார்” என்று அழுவாள். இருவர் மேலும் தப்பில்லை. இலையைச் சற்று வலப்பக்கம் நகர்த்துங்கள். அழைப்பு மணியையும் தண்ணீரையும் அவர் கவனிக்கும் பக்கம் வையுங்கள். முதலில் அந்தப் பக்கமிருந்து பேசுங்கள். பிறகு நாளுக்கு நாள் “இந்தப் பக்கமும் பாருங்கோ” என்று தலையை இடப்பக்கம் திருப்பப் பழக்குங்கள். சட்டை மாட்டும்போது இடக்கையைத் தொட்டுக் காட்டி, அதையே முதலில் நுழைக்கச் செய்யுங்கள்.

பார்வை மங்கிய சிலர் ஆளில்லாத இடத்தில் ஆட்களையும் பூவேலைகளையும் பறவைகளையும் காண்பதுண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் பொனே 1760இல் தன் தாத்தாவுக்கு நேர்ந்த இந்த அனுபவத்தை எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அந்தத் தாத்தாவின் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. கண் அனுப்பாத செய்தியின் இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இதை வெளியே சொல்லாமல் தவிக்கும் முதியவர்கள் உண்டு. கேளுங்கள். “இப்படித் தெரியறது சிலருக்கு உண்டு, பயப்பட ஒண்ணும் இல்லை” என்று சொன்ன மாத்திரத்தில் பாதி பாரம் இறங்கும். அதன் பிறகு கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இனித் தொடு உணர்ச்சி. கேரளத்தில் இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (INDIAB) ஆய்வு, கேரளத்தில் வயது வந்தவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று கண்டது. நால்வரில் ஒருவர். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் பாதத்தின் நரம்புகள் கெட்டுப்போகலாம். முதலில் எரிச்சல், பஞ்சின்மேல் நடப்பதுபோல் ஒரு மதமதப்பு. கடைசியில் ஒன்றுமே தெரியாது. வலி போய்விட்டது என்று பலரும் மகிழ்கிறார்கள். ஆபத்து தொடங்குவதே அங்கேதான்.

வலி இல்லாமை என்ன செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டியது தமிழ்நாடு. 1914இல் பிறந்து கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்றுதான் அதுவரை பலரும் நம்பினார்கள். அவரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் கைகளையும் கால்களையும் நாள்தோறும் கவனித்தார்கள். காயங்களுக்குக் காரணம் உணர்ச்சி இழப்பு என்று தெரிந்தது. சூடான பாத்திரம், துருப்பிடித்த பூட்டு, செருப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி எதுவும் அவர்களுக்கு வலிக்கவில்லை; வலிக்காததால் கையையும் காலையும் விலக்கிக்கொள்ளவில்லை. சிலருக்கு இரவோடு இரவாக விரல்நுனி காணாமல் போனது. விழித்திருந்து பார்த்தபோது தூங்குபவரின் விரலை எலி கடிப்பது தெரியவந்தது. அதன் பிறகு, வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை ஒன்றையும் கொடுத்து அனுப்பினார்கள் என்று பிராண்ட் எழுதியிருக்கிறார். சிகிச்சையில் பூனைக்கும் ஓரிடம் தந்த அந்தக் கவனத்தைத்தான் நான் செவிலியம் என்பேன். எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் அறிந்திருக்கும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பும் அந்தப் பணியில் வளர்ந்ததே. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அதே பாடத்தை நீரிழிவுப் பாதங்களுக்கும் பொருத்திக் காட்டினார்.

பாதப் பரிசோதனையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழை போதும். முதலில் நோயாளியின் கையில் தொட்டு, இது எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரலின் அடி, அதற்குக் கீழேயுள்ள பந்து, நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழேயுள்ள பந்துகள், இந்த இடங்களில் இழையைச் செங்குத்தாக வைத்து அது வளையும்வரை அழுத்தி, ஒரு நொடியில் எடுங்கள். காய்ப்பு விழுந்த தோலின்மேல் வைக்காதீர்கள். அங்கே நல்ல நரம்புக்கும் தெரியாது. “தொடறேனா? எந்தக் கால்?” என்று கேளுங்கள். நடுவே தொடாமலும் ஒரு தடவை கேளுங்கள், ஊகித்துச் சொல்கிறாரா என்று தெரியும். ஓரிடத்தில் தெரியவில்லை என்றாலும் அந்தப் பாதத்தை இனி உங்கள் கண்ணால்தான் காக்க வேண்டும்.

கண்ணால் காப்பது என்றால் தினமும் இரவு விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் பார்ப்பது. குனிய முடியாதவருக்குத் தரையில் ஒரு கண்ணாடி. குளிக்கும் வெந்நீரை நோயாளி தன் காலை விட்டுப் பார்க்கக் கூடாது; பேணுபவர் முழங்கையால் பார்க்க வேண்டும். வெந்நீர்ப் பை வேண்டாம், செங்கல் ஒத்தடம் வேண்டாம், காய்ப்பைப் பிளேடால் செதுக்குவது வேண்டவே வேண்டாம். எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். போடும் முன் கவிழ்த்துத் தட்டி உள்ளே விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

கோயிலுக்கு எப்படிச் செருப்போடு போவது என்று கேட்பீர்கள். கேரளக் கோயில்களில் உச்சி வெயிலில் பிரதட்சிணக் கல் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் போங்கள். பெண்கள் பொங்கலிடும் ஆற்றுக்கால் கோயில் பொங்காலைக்குக் கும்ப மாத வெயிலில் கரமனை ரோடு வரைக்கும் அடுப்பு நிறைந்துவிடும். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸில் பதிவானது. தார் ரோடு, செங்கல், கனல், சாம்பல் எல்லாம் காலடியில். உணர்ச்சி குறைந்த அம்மாவைப் பொங்காலை போட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நாளுக்காக ஆண்டு முழுதும் காத்திருப்பவர் அவர். அடுப்பிலிருந்து தள்ளிப் பாய் போட்டு உட்கார வையுங்கள், தீயைத் தள்ளவும் செங்கல்லை நகர்த்தவும் மகள் இருக்கட்டும், நடக்கும்போது செருப்பு இருக்கட்டும். வீடு திரும்பியதும் இரண்டு பாதங்களையும் கழுவித் துடைத்துப் பாருங்கள். கொப்புளம் தெரிந்தால் மறுநாளே டாக்டர்.

நாக்கையும் மூக்கையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ருசி தெரியாதவர் உப்பையும் சர்க்கரையும் கூட்டிக்கொண்டே போவார். எலுமிச்சையும் மிளகும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் சேர்த்துச் சமைத்துக் கொடுங்கள். கேஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். மூக்கு மழுங்கியவருக்கு அந்த எச்சரிக்கை எட்டாது. அவர் தனியாகச் சமைக்கும் வீட்டில் கசிவைக் கண்டு ஒலிக்கும் கருவி ஒன்று அவசியம்.

இனி, எல்லாப் புலன்களும் ஒன்றாகக் குழம்பும் நிலை. சன்னி என்று நம் பாட்டிமார் சொன்னதையும் மருத்துவர்கள் டெலிரியம் என்பதையும் நீங்கள் பலரும் வீட்டில் பார்த்திருப்பீர்கள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன மாமி. முந்தின நாள்வரை பேரனுடைய கல்யாணக் கணக்கைப் பைசா பிசகாமல் சொன்னவர். இரண்டாம் நாள் இரவு டிரிப்பைப் பிடுங்குகிறார், சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார், என்றோ போய்விட்ட அக்காவைக் கூப்பிடுகிறார். காலையில் சாதாரணமாகிவிடுகிறார், அந்தியானால் மறுபடி தொடங்குகிறது. இன்னொரு வகை உண்டு: சத்தமே போடாமல், சுருண்டு, சாப்பிடாமல், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கிடப்பது. “இன்னிக்கு அம்மா ரொம்ப சமத்தா தூங்கறா” என்று அதை விட்டுவிடுவோம். இதுதான் அதிகம் கண்ணில் படாமல் போவது.

இது மூப்பு அல்ல. உடம்புக்குள் ஏதோ அவசரம் என்பதன் அறிகுறி. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர் வற்றல், மலச்சிக்கல், நீர்க்கட்டு, புதிதாகச் சேர்ந்த ஒரு மாத்திரை, திடீரென நிறுத்திய குடி, இவற்றில் ஒன்றோ பலவோ பின்னால் இருக்கும். டாக்டர் அதைத் தேடட்டும். அதே வேளையில் படுக்கையருகே செய்ய வேண்டியது நம் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் ஷேரன் இனோயேவும் சகாக்களும் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. அவர்கள் செய்தது என்ன? மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். காது கேட்க உதவினார்கள். தண்ணீர் குடிக்க வைத்தார்கள். சீக்கிரம் எழுப்பி நடக்க வைத்தார்கள். இது என்ன இடம், இன்று என்ன நாள் என்று பேசினார்கள். இரவில் தூக்க மாத்திரையைத் தவிர்த்து, சூடான பானமும் முதுகு வருடலும் மெல்லிய இசையும் தந்து, வார்டின் சத்தத்தைக் குறைத்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த சன்னி, இந்தக் கவனிப்பில் 9.9 சதவீதம் பேருக்கே வந்தது. இந்தப் பட்டியலில் நம்மால் இன்று இரவே செய்ய முடியாதது எதுவும் இல்லை.

நம் ஊருக்கு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: தாய்மொழி. குழப்பத்தில் இருக்கும் மூளைக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் கைநழுவலாம். ஆயுள் முழுக்க மலையாளம் பேசிய மாமி அந்த இரவில் தமிழ்க் குரலுக்கு மட்டும் திரும்பிப் பார்ப்பார். நான் வார்டில் இருந்தபோது, எல்லைப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு ஜூனியர் சிஸ்டர் அப்படி ஒருவரிடம் போய் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, “மாமி, இது ஆஸ்பத்திரி. இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு. உங்க பையன் வெளியில இருக்கார். நான் விடியறவரை இங்கதான் இருப்பேன்” என்று சொன்னாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதே வார்த்தைகளை அதே நிதானத்தில் சொன்னாள். கட்டில் கம்பியில் கையைக் கட்ட எடுத்துவைத்த துணி அன்று தேவைப்படவில்லை. கட்டினால் பயம் கூடும், பயம் கூடினால் குழப்பம் கூடும். காரணமான சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து சேர்ந்து சில நாளில் மாமி தெளிந்தார்.

இல்லாததைக் காண்பவரிடம் வாதாடாதீர்கள். ஆமாம் போட்டு நடிக்கவும் வேண்டாம். “எனக்குத் தெரியல. உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியறது. நான் பக்கத்துல இருக்கேன்” என்பது போதும். நிழல் ஆடும் திரையை மாற்றுங்கள், ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள், கண்ணில் படும் இடத்தில் கடிகாரமும் காலண்டரும் வையுங்கள். நினைவிழந்து கிடப்பவர் எதிரில் சொத்துப் பிரிவினையையும் இனிமேல் தேறாது என்பதையும் பேசாதீர்கள். அவர் காதுக்கு எட்டவில்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நைட்டிங்கேல் அம்மையார் செவிலியம் பற்றி எழுதிய நூலில் சத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தார். நோயாளியின் அறைக்கு வெளியே கிசுகிசுப்பதையும் அவர் கண்டித்தார். இரவில் வார்டுக்குள் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் வார்டுகளில் டிராலிச் சக்கரமும் செல்போனும் மானிட்டரும் துணைக்கு இருப்பவர்களின் பேச்சும் சேர்ந்தால் நிலைமை என்னவென்று உங்களுக்கே தெரியும். டிராலிக்கு எண்ணெய் விடுவதும் நோயாளி பராமரிப்புதான்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

மாணவிகளே, நோயாளியை வார்டில் சேர்க்கும் தாளில் பி.பி., சர்க்கரையோடு நான்கு வரி கூடுதலாக எழுதுங்கள்: கண்ணாடி உண்டா, காது மெஷின் உண்டா, பாதத்தில் உணர்ச்சி உண்டா, எந்த மொழி பேசுவார். அடுத்த டியூட்டிக்கு வருபவரிடம் இந்த நான்கையும் வாயால் சொல்லி ஒப்படையுங்கள்.

மருத்துவமனைகளை நடத்துவோரே, இரவில் ஊசி, இரத்தம் எடுப்பது, பி.பி. பார்ப்பது மூன்றையும் இயன்றவரை ஒரே வேளையில் முடிக்க ஏற்பாடு செய்யுங்கள். நோயாளி நாலு மணி நேரமாவது தொடர்ந்து தூங்கட்டும்.

குடும்பத்தினரே, ஹோம் நர்ஸ் சகோதரிகளே, ஆஸ்பத்திரிப் பையில் துண்டு, ஃபிளாஸ்க்கோடு கண்ணாடி, காது மெஷின், அதன் பேட்டரி, பல்செட் நான்கையும் எப்போதும் தயாராக வையுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் விளக்கைப் போட்டு, பெரியவரின் இரண்டு பாதங்களையும் விரலிடுக்குவரை பாருங்கள். நாளைக் காலை “கேக்கவே மாட்டேங்கறார்” என்று வாயில் வரும்போது, எழுந்து போய் எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் எட்டவில்லை என்றால் அது சிகிச்சை தேட வேண்டிய குறை. கோபிக்க வேண்டிய குற்றம் இல்லை.